மாதர் எடுத்த படங்கள்: மரக்காணத்துக்கு வருவது எப்போது?

தமிழ் நாட்டுப் பெண்மக்கள் சினிமாவில் நடிகைகளாக மாத்திரம் இருந்த காலம் கழிந்துவிட்டது. கதை எழுதுவோராகவும், காமிராவைக் கையாளுவோராகவும், படத்தைத் தொகுப்போராகவும், எல்லாவற்றிற்கும் மேலாக டைரக்டர்களாகவும் அவர்கள் முன்வந்துவிட்டனர். அவர்களுள் ஒரு சாரார் பெரிய முதலாளிகளின் தயவை எதிர்பாராமல், சிறு தொகைகளைத் திரட்டியும், பொது ஜனங்களிடம் நன்கொடை கேட்டும், தாம் சொல்ல விரும்பியதை அச்சமின்றிச் சொல்லும் சுயேச்சைப் படங்களை எடுத்து வருகின்றனர். அப்படங்கள் உலகத்துப் பெரிய நகரங்களில் காட்டப்பெற்றுப் பரிசும் புகழும் அடைந்துள்ளன. இச்செய்தி கேட்டு மகிழாத தமிழர் இரார். ஆயினும் மகிழ்ச்சியோடு நமது கடமை தீர்ந்ததா? இப்படங்கள் யாருடைய வாழ்வைச் சொல்லுகின்றனவோ அவர்கள் இவற்றைப் பார்த்தார்களா? இக்கேள்வியை மரக்காணத்து உப்பளக் கரையை மனத்தில் வைத்துக் கேட்க விரும்புகிறோம்.

மரக்காணம் கண்காணாத தொலைவில் உள்ள ஊரன்று. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேல், விழுப்புரம் ஜில்லாவில் இருக்கிறது. சினிமாத் தொழிலின் தலைநகரிலிருந்து காலையில் புறப்பட்டவர் மதிய உணவுக்கு முன் அங்கே சேர்ந்துவிடலாம். சாலையின் அருகே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள். மழைக்காலம் நீங்கியதும் பாத்திகளைச் சீர்செய்து, உப்பு நீரைப் பாய்ச்சி, வெயிலில் விளையவிட்டு, விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் கூட்டி, கூடையில் சுமந்து அம்பாரமாகக் குவிப்பது இங்கு நடக்கும் தொழில். இத்தொழிலில் பெண்களின் பங்கு பெரிது. வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உப்பு நீரில் நின்ற கால்கள் வெடித்துப் புண்ணாகும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாத்திகள் நீரில் மூழ்கும்; வேலை நிற்கும்; கூலியும் நிற்கும். இந்த வேலையற்ற காலத்தைக் கருதியே தமிழக அரசாங்கம் 2022-இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5,000 மழைக்கால நிவாரணம் அளிக்கத் தொடங்கிற்று. அம்மூன்று மாத காலத்தைப் பற்றிப் பின்னர் ஒரு யோசனை சொல்லுவோம்.

பெண்கள் படம் எடுப்பது நேற்று முளைத்த புதுமையன்று. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 31-ந் தேதி வெளிவந்தது. அதில் கதாநாயகியாக நடித்து, கதையோடு சம்பந்தமில்லாவிடினும் காந்தியடிகளின் ராட்டினத்தைப் போற்றும் பாட்டொன்றையும் பாடிய ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மி, 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே எழுதித் தயாரித்து டைரக்ட் செய்தார். தமிழ்ப் படத்தை டைரக்ட் செய்த முதல் பெண்மணி அவரே. 1953-இல் ஸ்ரீமதி பி. பானுமதி 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, ஹிந்தி ஆகிய மூன்று பாஷைகளில் டைரக்ட் செய்தார். 1985-இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஸ்ரீமதி பி. ஆர். விஜயலக்ஷ்மி அத்துறையில் இந்தியாவின் முதல் பெண்மணி என்று போற்றப்படுகிறார். இவர்கள் நட்சத்திரப் புகழையோ குடும்பத் தொடர்பையோ துணையாகக் கொண்டு உள்ளே நுழைந்தவர்கள். அத்துணையும் இல்லாமல் வாயிலைத் தட்டியவர்களைப் பற்றியே இனிக் கூறப்போகிறோம்.

லீனா மணிமேகலை அம்மையாரை முதலில் குறிப்பிட வேண்டும். ஒப்பாரி பாடிப் பிழைக்கும் ஒருத்தி, கடலில் இறங்கும் மீனவப் பெண் ஒருத்தி, பிணங்களை அடக்கம் செய்யும் ஒருத்தி ஆகிய மூவரைப் பற்றி அவர் எடுத்த 'தேவதைகள்' என்ற ஆவணப்படம் 2008-இல் மும்பை சர்வதேசப் பட விழாவில் தங்கச் சங்குப் பரிசு பெற்றது. அடுத்து, தனுஷ்கோடி மீனவர்களையும் இலங்கையிலிருந்து வந்த அகதிகளையும் பற்றிய 'செங்கடல்' 2011-இல் வெளிப்பட்டது. பிறர் கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குலத்துச் சிறுமியின் கதையான 'மாடத்தி' 2019-இல் கொரியா தேசத்துப் பூசான் பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. பொது ஜனங்களின் நன்கொடையைத் துணையாகக் கொண்டு எடுக்கப்பட்ட படம் அது.

முதியோரைக் குடும்பத்தாரே 'தலைக்கூத்தல்' என்ற பெயரால் மாய்த்துவிடும் கொடுமையைச் சொல்லும் 'பாரம்' படத்தைப் பிரியா கிருஷ்ணஸ்வாமி அம்மையார் எடுத்தார். 2019-இல் அறிவிக்கப்பட்ட 66-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. ஹலிதா ஷமீம் என்ற டைரக்டர் 'மின்மினி' என்ற படத்தின் முற்பகுதியைச் சிறுவர்களை வைத்து எடுத்தபின், அச்சிறுவர்கள் வளர்ந்து வாலிபராகும் வரையில் பல வருஷம் காத்திருந்து, அவர்களைக் கொண்டே பிற்பகுதியை எடுத்து 2024-இல் வெளியிட்டார். வட்டிக்குப் பணம் வாங்கி மூன்று மாதத்தில் படத்தை முடிக்கத் துடிக்கும் தொழிலில் இத்தகைய பொறுமை அபூர்வம். 2025-இல் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' ராட்டர்டாம் பட விழாவில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் பரிசு பெற்றது. கடலுக்கு அப்பால், இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆசிரியையான சுமதி சிவமோகன் அம்மையார் மலையகத் தமிழரின் வாழ்வை 'இங்கிருந்து' என்ற படமாக 2013-இல் ஆக்கித் தந்தார்.

நீலகிரியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வஸின் வெற்றியை வாசகர்கள் அறிவர். முதுமலை தெப்பக்காட்டு முகாமில் யானைக்குட்டிகளை வளர்க்கும் தம்பதிகளைப் பற்றித் தமிழ்ப் பேச்சோடு அவர் எடுத்த 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' என்ற 41 நிமிஷப் படம் 2023-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஆஸ்கார் பரிசு பெற்றது. ஓர் அமெரிக்கக் கம்பெனியின் மூலம் வெளிவந்த படமாயினும், காட்டுப் பாதையில் ஐந்து வருஷம் பொறுமையாக உழைத்தவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். ஒப்பாரிக்காரி, மீனவப் பெண், வண்ணாரச் சிறுமி, சாகக் கிடக்கும் கிழவர், அகதி, தோட்டக்கூலி, யானைப் பாகன் என, பெரிய சினிமா யாரை ஒரு நிமிஷம் காட்டிவிட்டு மறந்துவிடுமோ அவர்களையே இம்மாதரிற் பலர் கதையின் நடுவில் நிறுத்தியுள்ளனர். இதுவே இவர்களுடைய சாதனை. பரிசுகள் அதற்குக் கிடைத்த சாட்சிகள் மாத்திரமே.

உப்பளத்தைப் பற்றியே ஒரு பெண்மணி எடுத்த படமும் உண்டு. பரீதா பாச்சா என்ற இந்திய டைரக்டர், குஜராத்தில் சிறிய கட்ச் ரண் வெளியில் வருஷந்தோறும் எட்டு மாதம் குடியேறி உப்பு விளைவிக்கும் குடும்பம் ஒன்றைப் பின்பற்றி, 'மை நேம் ஈஸ் ஸால்ட்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 2013-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆவணப்பட விழாவில், முதல் படம் எடுப்போருக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. மழை வந்தவுடன் அக்குடும்பத்தின் எட்டு மாத உழைப்பால் ஆன பாத்திகள் கரைந்து சேறாகும். அடுத்த பருவத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவர். இதை ஆம்ஸ்டர்டாமில் இருப்போருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். மரக்காணத்துப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை விளக்கமும் வேண்டியதில்லை. விளக்கம் வேண்டாதவருக்குப் படம் கிட்டவில்லை. விளக்கம் வேண்டுவோருக்கே அது எட்டுகிறது. இது என்ன நியாயம்?

வழியில் உள்ள தடைகள் மூன்று. அவை சட்டம், பணம், கொட்டகை என்பன.

முதலில் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1930-ஆம் வருஷத்து உப்பு சத்தியாக்கிரகத்தைத் தேசத்தொண்டர்கள் மறந்திரார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு யாத்திரை நடத்திய அவ்வருஷத்தில், அவ்வறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்த முதல் பெண்மணி என்ற புகழ் ஸ்ரீமதி ருக்மிணி லக்ஷ்மிபதிக்கு உரியது. அன்று பெண்ணின் கையிலிருந்த ஒரு பிடி உப்பு அந்நிய சர்க்காரை அச்சுறுத்திற்று. இன்று பெண்ணின் கையிலுள்ள காமிரா சுதேசி அதிகாரிகளை அச்சுறுத்துவது விந்தையே. 'செங்கடல்' படத்துக்குத் தணிக்கை அதிகாரிகள் முதலில் சான்று மறுத்தனர். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்று 2011-இல் அதன் டைரக்டர் வெற்றி பெற்றார். அந்தத் தீர்ப்பாயமே 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. இனிச் சான்று மறுக்கப்பட்டவர் நேரே ஹைகோர்ட்டின் படியேற வேண்டும். ஹைகோர்ட் வழக்கின் செலவும் தாமதமும் எத்தகையன என்பதைச் சட்டத்தொழிலில் உள்ளோர் நன்கறிவோம். கோடிக்கணக்கில் முதல் போட்டவருக்கு அது ஓர் இடையூறு. நன்கொடைப் பணத்தில் படம் எடுத்தவருக்கு அது மரண தண்டனை. சுயேச்சைப் படங்களுக்கு நேர்ந்த இந்நஷ்டத்தைப் பற்றி நமது சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் போதிய குரல் எழவில்லை.

மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி 2017-இல் வெளியிட்ட 'கக்கூஸ்' என்ற ஆவணப்படத்தின் சரித்திரம் இதனினும் கசப்பானது. மனிதரை அத்தொழிலில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே நிறைவேறிவிட்டது. சட்டம் இருந்தும் கொடுமை நீங்கவில்லை என்பதை முகத்தோடும் குரலோடும் அப்படம் காட்டியது. பல ஊர்களில் போலீஸார் அதைத் திரையிட இடம் கொடுக்கவில்லை. அவ்வருஷம் ஜூலையில் டைரக்டரே 2009-ஆம் வருஷத்துப் போராட்ட வழக்கு ஒன்றில் கைது செய்யப்பட்டுப் பின்னர் ஜாமீனில் வெளிவந்தார். படத்தைப் பொது ஜனங்கள் யூடியூபில் கண்டனர்.

கலகம் விளையும் என்ற பயத்தைக் காட்டிப் படங்களைத் தடுப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் முன்னரே சொல்லியிருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், 1989-ஆம் வருஷம், சான்று பெற்ற படத்தை ஆர்ப்பாட்ட மிரட்டலுக்கு அஞ்சி ஒடுக்கலாகாது என்றும், அதைக் காட்டுவோருக்குப் பாதுகாப்பு அளிப்பதே சர்க்காரின் கடமை என்றும் அது தீர்ப்புக் கூறியது. அத்தீர்ப்பு நமது நாட்டுப் படத்தைப் பற்றியே பிறந்தது. அதன் பயனை அனுபவிக்க நமது ஊர்ப் பொதுமக்களுக்குத் துணிவு வேண்டும். போலீஸாருக்கு அதை நினைவூட்டத் தொண்டர்கள் வேண்டும்.

இரண்டாவது தடை பணம். நமது அண்டை நாடான கேரளம் இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்குள்ள திரைப்பட அபிவிருத்திக் கழகத்தின் மூலம் பெண் டைரக்டர்களின் படங்களுக்கு ரூ. 1.5 கோடி வரையில் முதல் அளிக்கும் திட்டத்தை அரசாங்கம் ஏற்படுத்தியது. தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', மினி ஐ. ஜி.யின் 'டைவோர்ஸ்', சுருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' ஆகியவை அத்திட்டத்தின் பயனாய்ப் பிறந்தன. ஆஸ்கார் பரிசு பெற்று வந்த கார்த்திகி அம்மையாருக்கு நமது அரசாங்கம் 2023-இல் ரூ. 1 கோடி பரிசளித்துக் கௌரவித்தது. வென்றவருக்குப் பரிசளிப்பது நன்று. வெல்லப்போகிறவருக்கு முதல் அளிப்பது அதனினும் நன்று. அறுவடையின் போது களத்துக்கு வருபவர் விதைப்பின் போதும் வயலுக்கு வரவேண்டாமா?

மூன்றாவது தடை கொட்டகை. நமது சட்டத்துக்கும் சர்க்காருக்கும் அப்பாற்பட்டு, நாமே நீக்கக்கூடிய தடை இதுதான். ஆகவே இதையே வற்புறுத்துகிறோம். சிறு படம் கொட்டகைக்கு வந்தாலும் ஒரு வாரம் நிற்பதில்லை. நட்சத்திரப் படம் வந்தவுடன் பகல் காட்சிக்குத் தள்ளப்படும், பிறகு மறையும். பகலில் உப்பளத்தில் இருப்பவள் பகல் காட்சிக்கு எவ்வாறு போவாள்? புதுச்சேரியில் அரசாங்கமும் நவதர்சன் பிலிம் சொசைட்டியும் அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து இந்தியப் பட விழா நடத்தி வந்திருக்கின்றன, அது மெச்சத்தக்கது. ஆனால் அங்கே சென்று இரவு திரும்பப் பஸ் கூலியும் ஓய்வும் உப்பளத் தொழிலாளிக்கு ஏது?

"கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே" என்பார் சிலர். கிடைக்கிறது என்பதும் சேர்கிறது என்பதும் ஒன்றல்ல. சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய படம் இருப்பதே தெரியாதவர் அதைத் தேடுவது எங்ஙனம்? மேலும், தனித்து உள்ளங்கை அளவில் பார்ப்பது வேறு. நூறு பேர் கூடியிருந்து பார்த்து, முடிந்த பின் தர்க்கித்துக்கொண்டு வீடு திரும்புவது வேறு. பின்னதில்தான் பொதுஜன அபிப்பிராயம் உருவாகும்.

"உழைத்துக் களைத்தவர்கள் கூத்தும் சண்டையும் அல்லவோ கேட்பார்கள், தங்கள் துயரத்தையே திரும்பவும் திரையில் பார்ப்பார்களா?" என்பது மற்றோர் ஆட்சேபம். அவர்களைக் கேட்டுப் பார்த்துச் சொன்ன பதிலா இது? கேரளத்தில் டைரக்டர் ஜான் ஆப்ரஹாமும் அவருடைய ஒடெஸ்ஸா கூட்டத்தாரும் ஊர் ஊராகச் சென்று படம் காட்டிச் சிறு தொகைகளைச் சேர்த்தே 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தனர். கூலிக்காரனின் காசு அதில் இருந்தது. படிப்பில்லாதவருக்கு ருசி இல்லை என்பது படித்தவர்களின் சௌகரியமான நம்பிக்கை.

"நாட்டின் குறைகளை அந்நியருக்குக் காட்டிப் பரிசு வாங்குகிறார்கள்" என்று குறை கூறுவோரும் உளர். தேசாபிமானத்தின் பெயரால் இவ்வாறு பேசப்படுவதால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. மனிதன் மலக்குழியில் இறங்குவது மானக்கேடா, அதைப் படம் பிடிப்பது மானக்கேடா? கண்ணாடியை உடைத்தால் முகத்து மாசு நீங்குமா? அந்நியர் பார்ப்பது உறுத்தினால் அதற்கு மாற்று, நம்மவர் முதலில் பார்ப்பதே.

பெண்கள் எடுத்தன என்ற காரணத்துக்காக எல்லாப் படங்களையும் புகழ வேண்டும் என்பது நமது வாதமன்று. உப்பளத்துப் பெண் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் வாழ்வு போல இல்லை" என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொல்லும் உரிமை அவளுக்கு வேண்டும் என்பதே நமது வாதம். அவளைப் பற்றிய படத்துக்கு மதிப்பெண் போடும் நடுவர்களில் அவள் ஏன் ஒருத்தியாக இருக்கக் கூடாது? அவளுடைய ஒரு வார்த்தை, அயல்நாட்டு விமரிசகரின் பத்துப் பக்கத்தைவிட டைரக்டருக்குப் பயன்படும்.

இனி நமது யோசனை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் மரக்காணத்துப் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும் என்று சொன்னோம். அக்காலத்தில் வேலை இல்லை, பொழுது உண்டு. திறந்த வெளியில் மழை தடுக்குமாயின், பள்ளிக்கூடக் கட்டடங்களும் சமுதாயக் கூடங்களும் இருக்கின்றன. 2022-இல் நமது பள்ளிக் கல்வித் துறை அரசாங்கப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கிற்று; பள்ளிக்கூடத்தில் நல்ல படம் காட்டலாம் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். பிள்ளைகள் பார்த்த அதே இடத்தில் ஒரு மாலை அவர்களுடைய தாய்மார்களும் பார்க்கட்டும்.

செய்யவேண்டியது இவ்வளவே. ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேர் கொண்ட ஒரு சபை அமைக்க வேண்டும். அதில் பாதிப் பேராவது பெண்களாய் இருக்க வேண்டும். தணிக்கைச் சான்று பெற்ற படங்களையே தேர்ந்துகொண்டால் வீண் வழக்குக்கு இடமிராது. எடுத்தவரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெற்று, சிறு தொகையாயினும் கட்டணம் அனுப்ப வேண்டும். ஏழைக் கலைஞரின் உழைப்பை இலவசமாகக் கேட்பது தொண்டாகாது. இடத்துக்கும் காட்சிக்கும் வேண்டிய அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். படம் முடிந்த பின் பிரசங்கிகள் மேடை ஏறாமல், பார்த்தவர்களைப் பேசவிட வேண்டும். இயலுமாயின் டைரக்டரையே அழைத்து வரலாம். பூசானுக்குச் சென்றவருக்கு மரக்காணம் தொலைவாகத் தோன்றாது.

இதனால் உப்பின் விலை உயருமா, கூலி கூடுமா என்று கேட்பீர்களாயின், ஒரு படத்தால் அது ஆகாது என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தன் வாழ்வு பேசத் தகுந்தது என்று ஒருவர் உணர்ந்த பிறகே அதைப் பற்றி அவர் உரத்துப் பேசத் தொடங்குகிறார். கூலி கேட்பதும் நிழல் கேட்பதும் அதன் பின்னர் வருவன. அம்மாலைக் காட்சிக்குத் தாயோடு வந்த சிறுமி ஒருத்தி, "இதை ஒரு பெண்ணா எடுத்தாள்?" என்று கேட்பாளாயின், அடுத்த படத்துக்கு வித்து அங்கே விழுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மாதர் தம் பங்கைச் செய்துவிட்டனர். கடன் பட்டும், கோர்ட்டு ஏறியும், வருஷக்கணக்கில் காத்திருந்தும் படம் எடுத்துத் தந்துவிட்டனர். கூட்டம் கூட்டவும், கொடி கட்டவும், விளம்பரம் ஒட்டவும் பழகிய நமது அரசியல் தொண்டர்களுக்கு ஒரு வெள்ளைத் திரை கட்டுவது பெரிய காரியமா? வரும் ஐப்பசி மழைக்கு முன் மரக்காணத்திலும், அதுபோன்ற உப்பளக் கரைகளிலும் அச்சபைகள் அமையட்டும். முதல் மழையில் பாத்தி மூழ்கும் அன்றே முதல் திரையும் விரியட்டும்.